பாதிக் கோட்டில் நின்ற பச்சைக்கல்

ஒரு கல்லைப் பார்த்து, இது உலகில் இதுவரை பெயரிடப்படாத கனிமம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? தீர்மானித்தது தவறு என்று பின்னால் தெரிந்தால் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. சேலத்தின் ஓரத்திலேயே வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கின்றன. கஞ்சமலையில் இரும்புத் தாது, சங்ககிரியில் சுண்ணாம்புக்கல், வயல் வரப்பெங்கும் வெங்கச்சங்கல், கிணறு வெட்டினால் காக்காப்பொன். கிணற்று மண்மேட்டில் யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு கனத்த கல் கிடந்தால் எடுத்தவர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்துப் பெயரைக் கேட்பார். இரண்டில் கடினமான கேள்வி பெயர்தான்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் கிடைத்த ஒரு பச்சைநிறப் பாஸ்பேட் கல்லுக்கு 1953இல் பெயர் வைத்தார்கள். அது தனிக் கனிமமா, வேறொன்றின் வகையா என்பது 2007 வரை உறுதிப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல் ஏன் இப்படி அந்தரத்தில் நிற்க வேண்டும்? காரணம் புரிந்தால் கனிமம் என்றால் என்ன என்பதே தெளிவாகிவிடும்.

நாமக்கல்லில் பெயர் இழந்த ஒரு கல்

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்று பலருக்கும் தெரிந்த ஊர். நிலாவின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனது. அதே வகைப் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைப்பதால், அதைப் பொடித்துச் சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்கான செயற்கை நிலாமண்ணை இஸ்ரோ தயாரித்தது. 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பாறை அது.

இந்தப் பாறைக்கு இன்னொரு கதையும் உண்டு. கர்நாடகப் பகுதி என்று அன்று ஆங்கிலேயர் அழைத்த தமிழ் நிலத்திலிருந்து குருந்தக்கல் லண்டனுக்குப் போனது. குருந்தம் ஒட்டியிருந்த வெள்ளைப் பாறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர் கவுன்ட் டி போர்னோன் என்ற பிரெஞ்சுக் கனிமவியலாளர். அதிலிருந்த கனிமத்துக்கு அவர் 'இந்தியனைட்' என்று பெயரிட்டார். பழைய கனிமவியல் நூல்களில் அந்தப் பெயர் நெடுங்காலம் இருந்தது. பிறகு பகுப்பாய்வுகள் துல்லியமாயின. கால்சியம் மிகுந்த பெல்ட்ஸ்பாரான அனார்த்தைட்டுக்கும் இந்தியனைட்டுக்கும் பொருளிலும் அமைப்பிலும் எந்த வேறுபாடும் இல்லை என்று தெரிந்தது. பெயர் கழிந்தது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போர்னோன் கவனக்குறைவானவர் அல்லர். அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கும் கருவி அவர் காலத்தில் கிடையாது. நிறம், கடினம், பிளவு, எடை, அமிலத்தில் எப்படிக் கரைகிறது என்பதை வைத்தே அன்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துப் பெயர்களில் ஒரு பகுதி இப்படிக் கழிந்துபோனதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு தகுதிகள்

ஒரு கல் தனிக் கனிமம் ஆக இரண்டு தகுதிகள் வேண்டும். என்னென்ன தனிமங்கள் என்ன விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பது ஒன்று. அந்த அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. இந்த அடுக்குமுறைக்குப் படிக அமைப்பு என்று பெயர். பென்சிலின் கரிமுனையான கிராபைட்டும் வைரமும் இரண்டுமே கார்பன்தான். அடுக்கு வேறு என்பதால் இரண்டும் வெவ்வேறு கனிமங்கள்.

இவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு சர்வதேசக் கனிமவியல் சங்கத்துடையது. 1958இல் தொடங்கிய அந்தச் சங்கம், அடுத்த ஆண்டே புதிய கனிமங்களுக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. புதுக் கனிமம் கண்டதாகச் சொல்பவர் வேதிப் பகுப்பாய்வு, எக்ஸ்-கதிர் ஆய்வு, அடர்த்தி, கடினம், ஒளியியல் பண்புகள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். பெயருக்குச் சான்றான மூலமாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். பல நாட்டு உறுப்பினர்கள் வாக்களித்த பிறகே பெயர் வெளியாகும். இன்று ஏற்கப்பட்ட கனிமங்கள் 6,000க்கும் மேல்.

1959க்கு முன் பெயர் பெற்றவை என்ன ஆயின? அவற்றைப் 'பழைய பாத்தியதை' அடிப்படையில் பட்டியலில் அப்படியே விட்டார்கள். அவற்றில் நன்றாக விவரிக்கப்பட்டவையும் உண்டு. ஒரே ஒரு பகுப்பாய்வோடு, மூலமாதிரியும் தொலைந்து, பெயர் மட்டும் மிஞ்சியவையும் உண்டு. பின்னவற்றை ஐயத்துக்குரியவை என்று தனியே குறித்து வைக்கிறார்கள். 2006இல் எர்ன்ஸ்ட் பர்க் முன்வைத்த பட்டியல் ஒன்றின் வழியாக இப்படிப்பட்ட பெயர்கள் நூற்றுக்கும் மேல் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. கனிமவியலுக்கு அது மிகவும் தேவைப்பட்ட துப்புரவுப் பணி.

பாஸ்பேட்டுகள் ஏன் குழப்புகின்றன

ஐயத்துக்குரிய பட்டியலில் பாஸ்பேட்டுகள் அடிக்கடி தென்படும். நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். இந்தக் கூட்டை அடிப்படையாகக் கொண்ட கனிமங்களே பாஸ்பேட்டுகள். வயலுக்குப் போடும் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட், நாமக்கல் கோழித் தீவனத்தில் கலக்கும் டி.சி.பி. எல்லாவற்றுக்கும் மூலம் இந்தக் குடும்பத்தின் பாறைதான். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் இதே குடும்பத்து அபடைட்டின் நெருங்கிய உறவு.

இந்தக் குடும்பத்தில் குழப்பம் மிக எளிதாக நேர்கிறது. பல பாஸ்பேட்டுகள் மண்போல நுண்துகளாகவே கிடைப்பதால் ஒரு துகளைத் தனியே பிரித்து ஆராய்வது கடினம். சில, காற்றுப் பட்டதும் மாறிவிடும். விவியனைட் என்ற இரும்புப் பாஸ்பேட் மண்ணிலிருந்து எடுக்கும்போது நிறமற்றிருக்கும்; பிறகு நீலமாகும்; இரும்பு மேலும் ஆக்சிஜன் ஏற்கும்போது அதன் அமைப்பே குலையும். எந்தக் கட்டத்தில் பார்த்தாரோ அதற்கேற்ப ஆராய்ந்தவரின் விவரணையும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்பேட் அமைப்பு தாராளமானது. ஒரு தனிமத்தின் இடத்தில் இன்னொன்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

நாமக்கல்லுக்குக் கிழக்கே, திருச்சி–பெரம்பலூர் எல்லையில் இருக்கும் ஊட்டத்தூர் அடுக்குகள் இதற்கு நல்ல சான்று. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம் அது. அம்மோனைட் சிப்பிப் படிமங்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் புதைந்திருப்பதை 1890களில் வார்த் என்ற புவியியலாளர் எடுத்துச் சொன்னார். இத்தகைய கடலடிப் பாஸ்பேட்டைப் பழைய நூல்கள் கொலோபேன் என்றும், கார்பனேட் கலந்தது என்பதால் பிரான்கோலைட் என்றும் எழுதின. இரண்டுக்கும் இன்று தனிக் கனிமத் தகுதி கிடையாது. கொலோபேன் என்பது அபடைட் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாகச் சேர்ந்த திரள். பிரான்கோலைட் என்பது புளூர்அபடைட்டில் கொஞ்சம் கார்பனேட் இடம்பிடித்த வகை. உர ஆலைக்காரர்கள் இந்தப் பெயர்களை இன்னும் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை, பட்டியலில் தேடினால் மட்டும் கிடைக்காது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த லூயிஸ் பெர்மோரின் பெயரைத் தாங்கிய பெர்மோரைட்டும் இந்த வழியே போயிற்று. மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டம் சீதாபர் மாங்கனீஸ் சுரங்கத்துக் கல் அது. 1910இல் பெயர் பெற்றது. பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் ஒன்றாகக் கலந்த அந்தக் கல்லில் மேலோங்கியது ஆர்சனேட்டே. அபடைட் குடும்பப் பெயர்களை 2010இல் ஒழுங்குபடுத்தியபோது அது ஜான்பாமைட்டின் ஒரு வடிவம் என்று முடிவாகி, பெர்மோரைட் நீங்கியது. கலப்பில் எது பாதிக்கு மேல் இருக்கிறதோ அதன் பக்கமே கனிமம் சேரும் என்ற விதிதான் அங்கே தீர்ப்பைச் சொன்னது. நம் பச்சைக்கல்லின் கதையும் இதே விதியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

குட்டக்குழியில் கிடைத்தது

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் கருமணலை அறியாதவர் குறைவு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் பளபளத்த துகள்களைக் கவனித்தார். அவை மோனசைட். தேடிவந்தவர் மணவாளக்குறிச்சியில் அதன் இருப்பிடத்தைக் கண்டார். சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் பாஸ்பேட்டும் சேர்ந்ததே மோனசைட். கூடவே தோரியமும் இருக்கும். அந்நாளில் கேஸ் விளக்கின் மேன்டில் தயாரிக்கத் தோரியம் தேவைப்பட்டது. பின்னாளில் அணு ஆற்றலுக்கு. மணவாளக்குறிச்சியில் இன்றும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது.

கடற்கரையில் இத்தனை மோனசைட் குவிந்திருக்கிறதென்றால் அது உள்நாட்டுப் பாறைகளிலிருந்து மழையும் ஆறும் அரித்துக் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும். கல்குளம் தாலுகாவின் குட்டக்குழியில் அப்படிப்பட்ட மூலப்பாறை ஒன்றிலிருந்து கனத்த, பச்சைநிறக் கல் கிடைத்தது. அது இருந்தது பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறையில். பாறைக்குழம்பு ஆறும் கடைசிக் கட்டத்தில், வேறெங்கும் இடம் கிடைக்காத தனிமங்கள் ஒன்றுதிரண்டு பெரிய பெரிய படிகங்களாக உறைவதுதான் பெக்மடைட். சேலம், நாமக்கல் பக்கம் காக்காப்பொன்னும் பெல்ட்ஸ்பாரும் எடுக்கும் வெள்ளை நரம்புகளும் இவ்வகைதான். குட்டக்குழியில் பெல்ட்ஸ்பார் மக்கி வெள்ளைக் களிமண்ணாகிவிட்டிருந்தது. பச்சைக்கல்லோடு கறுப்பு டூர்மலின், சிர்கான், கிரைசோபெரில், புகைநிறப் பளிங்கு ஆகியவையும் கிடந்தன.

லண்டனில் போவி, ஹார்ன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1953இல் புதிய கனிமம் என்று அறிவித்தார்கள். பண்டைச் சேர நாட்டின் நினைவாகச் சேரலைட் என்று பெயரிட்டார்கள். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனால் பழைய ஆங்கில நூல்களில் திருவிதாங்கூர்க் கனிமம் என்று எழுதப்பட்ட சேரலைட்டின் பிறப்பிடம் இன்று தமிழ்நாடு.

கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 5.3 மடங்கு, வெங்கச்சங்கல்லைப்போல் இரண்டு மடங்கு. ஒரே அளவுள்ள இரண்டு கற்களை இரு கையிலும் ஏந்தினாலே வேறுபாடு தெரியும். எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, 4 விழுக்காடு யுரேனியம் ஆக்சைடு. கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 9 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கண்டவர்கள் புதுப்பெயர் வைத்ததில் நியாயம் இருந்தது.

சிக்கல் படிக அமைப்பில் எழுந்தது. பின்னியும் நாகராஜ ராவும் 1967இல் சேரலைட்டின் அமைப்பை எக்ஸ்-கதிரால் தீர்மானித்து வெளியிட்டார்கள். அது மோனசைட்டின் அமைப்பேதான். அதே அடுக்கு, அதே பாஸ்பேட் கூடுகள், உலோக அணுவைச் சுற்றி அதே ஒன்பது ஆக்சிஜன்கள். இரண்டாவது தகுதியில் சேரலைட் மோனசைட்டிலிருந்து வேறுபடவில்லை. முதல் தகுதியான பொருள் விகிதத்தை மட்டுமே நம்பி அது நிற்க வேண்டியதாயிற்று.

மூன்றும் மூன்றும் ஆறு, இரண்டும் நான்கும் ஆறு

மோனசைட் அமைப்பை இருக்கைகள் போட்ட ஓர் அரங்கமாக நினைத்துக்கொள்ளலாம். பாஸ்பேட் கூடுகள் அரங்கத்தின் சுவரும் தூணும். உலோக அணுக்களுக்கு இருக்கைகள் உண்டு. தூய மோனசைட்டில் எல்லா இருக்கைகளிலும் சீரியம் முதலிய அருமண் தனிமங்கள் அமர்ந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் மூன்று அலகு நேர்மின்னூட்டம் கொண்டவை.

தோரியத்தின் மின்னூட்டம் நான்கு. அது தனியே வந்து சீரியத்தின் இருக்கையில் உட்கார்ந்தால் ஓர் அலகு மிகும். படிகம் அதைத் தாங்காது. கால்சியத்தின் மின்னூட்டம் இரண்டு. அது தனியே வந்தால் ஓர் அலகு குறையும். இரண்டும் ஜோடியாக வந்தால் சிக்கல் தீர்ந்தது. இரண்டு சீரியம் எழுந்து போகும். ஒரு கால்சியமும் ஒரு தோரியமும் வந்து அமரும். மூன்றும் மூன்றும் ஆறு; இரண்டும் நான்கும் ஆறு. அணுக்களின் பருமனும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் அமைப்பு குலைவதில்லை. யுரேனியமும் தோரியத்தைப்போலவே நான்கு மின்னூட்டத்தோடு இந்த இருக்கைகளுக்கு வரும்.

தோரியத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கால்சியத்தைத் துணைக்கு அழைக்காமல், பக்கத்துப் பாஸ்பேட் கூட்டில் பாஸ்பரஸின் இடத்தில் சிலிக்கானை அமர்த்திக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இந்த வழி முழுதாகப் போனால் கிடைப்பது நியூசிலாந்தில் முதலில் கண்டறியப்பட்ட ஹட்டோனைட் என்ற தோரியம் சிலிக்கேட்.

இப்படி அமைப்பு மாறாமல், தனிமங்கள் மட்டும் படிப்படியாக இடம் மாறக்கூடிய திடப்பொருளுக்குத் திண்மக் கரைசல் என்று பெயர். சீரியம் நிறைந்த ஒரு முனையிலிருந்து கால்சியம்–தோரியம் நிறைந்த மறு முனை வரை எந்த விகிதத்திலும் கல் அமையலாம். நடுவில் இயற்கை எந்த வேலியும் போடவில்லை. வேலியை மனிதர்கள்தான் போட வேண்டும். பாதிக்குப் பாதி என்பதே எல்லாரும் ஒப்புக்கொண்ட வேலி. எந்தச் சேர்க்கை பாதிக்கு மேல் இருக்கைகளைப் பிடித்திருக்கிறதோ அதன் பெயரே கல்லுக்கு.

ஒரு தோராயக் கணக்கு

குட்டக்குழிக் கல் வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறது? விழுக்காடு எடையில் சொல்லப்பட்டிருக்கிறது, இருக்கையோ எண்ணிக்கை. தோரியம் கனத்த அணு. எடை எண் சீரியத்துக்கு 140, தோரியத்துக்கு 232. ஆகவே எடையில் பெரிதாகத் தெரியும் தோரியம் எண்ணிக்கையில் கொஞ்சம் குறையும். கால்சியத்தின் எடை எண் வெறும் 40. எடையில் அது அற்பமாகத் தெரிந்தாலும் இருக்கையில் தோரியத்துக்கு இணையாக நிற்கும்.

தனிமங்களின் எடையால் வகுத்துப் பார்த்தால், எடையில் 30 விழுக்காடு தோரியம் ஆக்சைடு என்பது நூறு இருக்கைகளில் சுமார் 27 ஆகிறது. யுரேனியம் 3 இருக்கைகளைப் பிடிக்கிறது. மொத்தம் 30. ஒவ்வொன்றும் ஒரு கால்சியத்தைத் துணைக்கு அழைத்திருந்தால் ஜோடிகள் பிடித்த இருக்கைகள் 60. மீதி 40 அருமண் தனிமங்களுக்கு. 60 பாதிக்கு மேல்; எனவே மோனசைட் அல்ல, தனிக் கனிமம்.

கடற்கரை மோனசைட்டுக்கும் இதே கணக்கு. 9 விழுக்காடு என்பது 8 இருக்கை. எல்லாமே கால்சியத்தோடு ஜோடி சேர்ந்திருந்தாலும் 16தான். அது ஐயமின்றி மோனசைட்.

குட்டக்குழிக் கல்லுக்கு இன்னொரு கழித்தல் பாக்கி. அதில் சிலிக்காவும் இருக்கிறது. தோரியத்தில் ஒரு பகுதி கால்சியத்தை விட்டு, சிலிக்கான் வழியில் வந்தது. அதைக் கழித்தால் 60 இன்னும் கீழே இறங்கி, 50 என்ற கோட்டை நெருங்கிவிடும். 1953இன் பகுப்பாய்வு, கல்லைப் பொடித்து அமிலத்தில் கரைத்துச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு துகள் உள்ளே சிக்கியிருந்தாலும் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பிழை கல்லை வேலியின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட முடியும். சேரலைட் எங்கே சேர்த்தி என்பதில் இவ்வளவு இழுபறி வந்ததற்கு இந்தக் கோட்டின் அருகாமை முக்கியக் காரணம்.

நமீபியாவிலிருந்து வந்த போட்டி

போவியும் ஹார்னும் சேரலைட்டை ஒரு முனையாக வரையறுக்கவில்லை. சீரியமும் கால்சியமும் தோரியமும் கலந்த இடைநிலைக் கல்லாகவே விவரித்தார்கள். பாதிக்குப் பாதி விதி பரவலானபோது இடைநிலைப் பெயர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு தொடரில் இரண்டு முனைகள்தான். நடுவில் மூன்றாவது பெயர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

இதற்கிடையில் 1980இல் ரோஸ் என்பவர், நமீபியாவில் பிரபன்ட் என்ற பண்ணையின் பெக்மடைட்டிலிருந்து, கால்சியம்–தோரியம் முனைக்கு மிக அருகில் இருந்த ஒரு பாஸ்பேட்டை விவரித்தார். அதற்குப் பிரபன்டைட் என்று பெயர் வந்தது. இப்போது ஒரு முனைக்கு மோனசைட், மறு முனைக்குப் பிரபன்டைட். நடுவில் நின்ற சேரலைட்டைச் சிலர் மோனசைட்டின் வகை என்றார்கள். சிலர் சீரியம் மிகுந்தது என்று அடைமொழி சேர்த்து எழுதினார்கள். எலெக்ட்ரான் கற்றையால் ஒரு துகளின் மிகச் சிறு புள்ளியைக்கூடப் பகுத்தாயும் கருவி பரவியபிறகு, உலகின் பல இடங்களில் கால்சியமும் தோரியமும் மிகுந்த மோனசைட் குடும்பத் துகள்கள் கிடைத்தன. ஒரே பொருளை ஒருவர் சேரலைட் என்றும் மற்றவர் பிரபன்டைட் என்றும் எழுதினார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் ஒப்பிட முடியாத நிலை வந்தது. பெயர்க் குழப்பத்தின் உண்மையான கேடு இதுதான். அது அறிவைத் துண்டாடிவிடும்.

2007இல் நெதர்லாந்தைச் சேர்ந்த லின்ட்ஹவுட் இதற்குத் தீர்வு சொன்னார். மோனசைட், கால்சியம்–தோரியம் பாஸ்பேட், ஹட்டோனைட் என்ற மூன்று முனைகளையும் ஒரு முக்கோணமாக வரைந்து, எது மேலோங்குகிறதோ அதன்படி மூன்று புலங்களாகப் பிரித்தார். கால்சியம்–தோரியம் புலத்துக்கு எந்தப் பெயர் என்ற கேள்வியில் முந்தி வந்த பெயருக்கே உரிமை. சேரலைட் 1953, பிரபன்டைட் 1980. சர்வதேச ஆணையம் இதை ஏற்றது. பிரபன்டைட் நீக்கப்பட்டது. கால்சியமும் தோரியமும் மேலோங்கிய எல்லாக் கற்களுக்கும் சேரலைட் என்ற பெயரே நிலைத்தது. நமீபியாவின் கல்லும் இன்று சேரலைட்தான்.

இந்தத் தீர்ப்பு சரியானது. விதியை மதித்தது, முன்னுரிமையையும் மதித்தது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. 1953இல் அந்தச் சொல் குறித்த பொருளும் 2007க்குப் பின் குறிக்கும் பொருளும் முற்றிலும் ஒன்றல்ல. பழைய கட்டுரையில் சேரலைட் என்று படித்தால் அது எந்த ஆண்டுக் கட்டுரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கதிரியக்கத்தைத் தாங்கும் அமைப்பு

பெயரைத் தாண்டி சேரலைட்டுக்கு ஒரு பயனும் உண்டு. தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிப்படும் ஆற்றல், காலப்போக்கில் பல கனிமங்களின் அடுக்கை உடைத்துக் கண்ணாடிபோல ஒழுங்கற்றதாக்கிவிடும். சிர்கானுக்குப் பல இடங்களில் இப்படி நேர்கிறது. மோனசைட் குடும்பத்தின் பாஸ்பேட் அமைப்பு உடைந்த இடங்களைத் தானே விரைவில் சரிசெய்துகொள்கிறது. பல கோடி ஆண்டுகள் இத்தனை தோரியத்தை மடியில் வைத்திருந்தும் குட்டக்குழிக் கல்லில் எக்ஸ்-கதிரால் அமைப்பைப் படிக்க முடிந்தது அதனால்தான். அணு உலைக் கழிவின் நெடுங்காலக் கதிரியக்கத் தனிமங்களை இத்தகைய பாஸ்பேட் பீங்கானுக்குள் அடைத்து வைக்கலாமா என்று பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளில் ஆராய்ந்துவருகிறார்கள்.

பக்கநாட்டின் மோனசைட்

சேலம் மாவட்டத்திலேயே இந்தக் குடும்பத்தின் கனிமங்கள் இருக்கின்றன. எடப்பாடிப் பக்கம் பக்கநாடு, முளக்காடு பகுதியில் கார்பனடைட் என்ற அரிய பாறை வெளித்தெரிகிறது. பார்வைக்குச் சுண்ணாம்புப் பளிங்கு போலிருக்கும். பிறந்ததோ பூமியின் ஆழத்துக் குழம்பிலிருந்து. வயது ஏறக்குறைய 76 கோடி ஆண்டு. அபடைட், மோனசைட், அல்லனைட், பேரைட் ஆகியவை அதில் உண்டு. வடக்கே சாமல்பட்டி, சேவத்தூர் வரை இப்படிப்பட்ட பாறைகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன.

கார்பனடைட்டில் பிறக்கும் மோனசைட்டில் பொதுவாகத் தோரியம் குறைவு. ஆகவே அத்தகைய துகள்கள் இருக்கைக் கணக்கில் மோனசைட் முனைக்கு அருகிலேயே நிற்கும். பெக்மடைட்டில் பிறப்பவை அப்படியல்ல. அவற்றில் தோரியம் ஏறவும் இறங்கவும் செய்யும். சேலம், நாமக்கல், கரூர் பகுதியின் பெக்மடைட் நரம்புகளில் கிடைக்கும் கனத்த துகளைப் பகுப்பாய்வு இல்லாமல் பார்வையாலேயே மோனசைட் என்று எழுதிவிடுவது சரியல்ல.

கல் கிடைத்தால்

இந்தப் பகுதியில் கிணறு வெட்டும்போதோ நரம்பை உடைக்கும்போதோ வழக்கத்துக்கு மாறாகக் கனக்கும் பச்சை, தேன், பழுப்பு நிறக் கல் கிடைத்தால் அதைப் பொடிக்கவோ வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவோ வேண்டாம். தோரியம் கொண்ட தூசி மூச்சில் போவது நல்லதல்ல. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் தனியார் அதை விற்கவும் வாங்கவும் முடியாது. கிடைத்த இடம், ஆழம், அதோடு ஒட்டியிருந்த மற்றக் கற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அப்படியே ஒரு புகைப்படமும் எடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறைக்கோ தெரிவிக்கலாம். இடத்தின் விவரம் இல்லாத கல்லை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் அதிக தூரம் போக முடியாது. ஆகவே கல்லை எடுக்குமுன் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள்.